வனிதா மெம்பரின் நாற்காலி

கால்வாய்ப் பாசனத்துக்கு இருந்த கனால் கமிட்டி ஆபீஸில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதுகுப் பக்கம் பிரம்பு பின்னிய நாற்காலி, ஜன்னல் ஓரம். மற்றவர்களுக்கும் அதே மாதிரிதான், எனக்கென்று ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் வருஷம் முழுக்க நான் அதில் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் பானை இருந்த மூலையில் நின்றுகொண்டிருந்தேன்.

பயந்து நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கமிட்டிக்குப் பிரசிடென்ட் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். கேரளத்துக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் எங்கள் குடியானவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தார் இருக்கிற இடத்தில் தம்பி மனைவி உட்காரமாட்டாள். அவர் முகத்துக்கு நேரே பேசமாட்டாள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அந்த ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கட்டியிருக்கிற மாட்டைப் பார்த்தாவது சொல்ல வேண்டும். அவரும் அப்படித்தான். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது வண்டி கட்டிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தவர் அவர். வாசலில் நின்று தூணைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்குதாமா?" என்று கேட்டார். நான் உள்ளே இருந்து கதவைப் பார்த்து, "தேவலையாமா" என்றேன். அவ்வளவு மரியாதையான மனிதர். அதனால்தான் பின்னால் நடந்தது இத்தனை கஷ்டமாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்தது. கனால் தண்ணீரைப் பங்கு வைக்கிற கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், அவள் பேரில் தண்ணீர் பாய்கிற நிலம் இருக்க வேண்டும் என்று. மலையாளத்தில் 'வனிதா மெம்பர்' என்று அதற்குப் பேர். எங்கள் பக்கம் பெண் பேரில் நிலம் இருப்பது அபூர்வம். என் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவர் தலைமடையில், மதகுக்குப் பக்கத்திலேயே இருந்த நல்ல வயலை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஊருக்குள் யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, நம்ம ஊட்டுக்குள்ளயே ஆளு இருக்கறப்ப வெளியில எதுக்குப் போவோணும் என்று மூத்தார் சொன்னாராம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் வகுப்போடு நின்றவளை அரசாங்கம் கூப்பிடுகிறதே என்று, கோயமுத்தூரில் எடுத்த நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போனேன்.

போய் நின்றேன். அன்றைக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்திருந்தார். டீ குடித்து முடித்தவர் காலி கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, "வனிதா மெம்பர் எவிடே?" என்று கேட்டார். எல்லாரும் என்னையும் என் கையிலிருந்த கிளாஸையும் பார்த்தார்கள். நான் கிளாஸைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நான்தானுங்க" என்றேன். அவர் எழுந்து கும்பிட்டார். உட்காரச் சொன்னார். எங்கள் கனாலுக்கு ஓவர்சீயராக இருந்த பையனும், வடக்கே எங்கேயோ மலையாளத்து ஊர்க்காரன், "இரிக்கின் சேச்சி" என்று நாற்காலியைத் துடைத்தே வைத்தான். மூத்தார் ஜன்னலுக்கு வெளியே பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

கூட்டத்தில் பேசுவது ஒன்றே ஒன்றுதான். யாருக்கு எப்போது தண்ணீர். கனாலில் தண்ணீர் விட்டால் தலைமடைக்காரர்களுக்குப் பகல் முறை. கனால் முடிகிற கடைமடைக்கு ராத்திரி முறை. எப்போதிருந்து அப்படி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ராத்திரி முறை என்றால் லாந்தரும் மண்வெட்டியுமாக வரப்பில் நடந்து மடையைத் திருப்ப வேண்டும், திருப்பிவிட்டு விடியும்வரை காவலும் இருக்க வேண்டும். கண் அசந்தால் மேல் வயல்காரன் வெட்டிவிட்டுக்கொள்வான். ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு?

கடைமடையில் ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒன்றுவிட்ட ஒறம்பரை, சொந்தக்காரி, என்னைவிட ரொம்ப இளையவள். அவள் புருஷன் ராத்திரி முறைக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில்தான் கட்டுவிரியன் தீண்டிச் செத்தான். கைப்பிள்ளையும் நடக்கிற பிள்ளையுமாக அவள் நின்றாள். அதன் பிறகு அவள் கூலிக்கு ஆள் வைத்துத் தண்ணீர் கட்டினாள். கூலிக்கு வருகிறவனுக்கு என்ன? விடிந்து போய்ப் பார்த்தால் பக்கத்து வயலெல்லாம் தளும்பும், இவள் வயலில் கால் நனையாது. ஒரு போகம் அப்படியே பதராகப் போயிற்று. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த அவளுடைய அண்ணன்மார் வந்து, வயலை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போனவளின் பிழைப்பு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது.

நான் மெம்பர் ஆன செய்தி கேட்டதும் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கைப்பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு பகல் முறை வாங்கிக் குடுங்க. இந்த ஒரு வெள்ளாமை கையில வந்துட்டாப் போதும், அண்ணன்மாருக்குப் பதில் சொல்லீருவேன்."

"குடுக்கச் சொல்றேன்."

"சொல்லுவீங்களா? உங்க மூத்தாரு முன்னாலயா?"

அவள் அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அதுக்குத்தான அரசாங்கம் என்னையப் போட்டிருக்குது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் கமிட்டியில் இருந்தார். வயசானவர், தன்மையான மனிதர், எறும்பை மிதிக்காமல் நடப்பவர். அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னேன். "கடைமடையில ஆம்பளை இல்லாத ஊட்டு வயலுகளுக்குப் பகல்ல முறை விடோணும்னு பெரியவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர் எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூத்தார் பக்கம் திரும்பினார். "அம்மிணி என்ன சொல்றாங்கன்னா, கடைமடையையும் கொஞ்சம் பாத்துச் செய்யோணும்கிறாங்க. மத்தபடி பெரியவங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தானுங்க."

"பாத்துச் செய்யலாம்னு சொல்லுங்க" என்றார் மூத்தார்.

"பாத்துச் செய்யலாமுங்க அம்மிணி" என்றார் அவர் என்னிடம்.

அவ்வளவுதான். பழைய முறையே இந்த வருஷமும் என்று எல்லாருக்கும் சம்மதமாகக் கூட்டம் முடிந்தது. சின்ன ரூம் அது. நான் சொன்னது மூத்தார் காதில் விழாமல் இருக்குமா? ஆனால் தம்பி மனைவியின் குரல் அவர் காதில் விழக்கூடாது. விழுந்ததை விழாத மாதிரி வைத்துக்கொள்வது அவருக்கு எத்தனையோ வருஷத்துப் பழக்கம். நடுவில் நின்ற ஆள் சொன்னதுதான் நான் சொன்னது. அதை மாற்றி அவர் நினைக்கவும் மாட்டார், அதில் பொய்யும் கிடையாது. வீட்டுக்குள் இருந்தவரைக்கும் எனக்கு இது ஒரு பாரமாகத் தெரிந்ததில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே எதைச் சொல்லி அனுப்பினாலும் கொஞ்சம் தேய்ந்துதான் போகும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வெளியே வந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னது ஒன்று, நீங்கள் சொன்னது ஒன்றாக இருக்கிறதே என்று கேட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"மூஞ்சிக்கு முன்னால அத்தனை மொட்டையாச் சொன்னா உங்களுக்குத்தானுங்க அம்மிணி மருவாதி கெட்டுப்போகும். நான் பக்குவமாச் சொன்னனுங்க."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்னைக் காப்பாற்றியதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், உங்கள் அண்ணன்தானே, தனியாகப் போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அவர் அண்ணனை எதிர்த்து வாயைத் திறந்தவரில்லை. இருந்தாலும் எனக்காகப் போனார். ஒரு காலை நேரம் முழுக்க அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அண்ணன் புதிதாக வாங்கின காளை இடது பக்கம் கட்டினால் சண்டித்தனம் பண்ணுகிறதாம் என்றார்.

அந்த வெள்ளாமை, கதிர் வெளிவரப் பொதி கட்டுகிற நேரம். காற்று வேறு. எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மலைக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் புகுந்து வந்தால் ஈர மண்ணைக்கூட ஒரே பகலில் காயவைத்துவிடும். ராத்திரி முறை வந்தது, கூலியாள் போனான், காலையில் அவள் வயல் வெடித்துக் கிடந்தது. அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. என் வாசலில் நின்று, "சொன்னீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன் என்றேன். சரீங்கக்கா என்று போய்விட்டாள். அண்ணன்மார் அடுத்த வாரம் வருகிறார்கள் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். இன்னும் ஒரு தண்ணீர் சரியாகக் கிடைத்தால் பாதியாவது தேறும். இல்லாவிட்டால் வயல் போய்விடும்.

அந்தத் தண்ணீருக்கு முந்தின கூட்டத்துக்கு நான் சாதாரணச் சீலையில்தான் போனேன். ஒன்றும் தீர்மானம் பண்ணிக்கொண்டு போகவில்லை. பானைக்குப் பக்கத்தில் போய் நிற்கத்தான் போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்ததும் துண்டைக் கக்கத்தில் இடுக்கித் தயாராகிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நேராகப் போய் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிரம்பு நெரிந்து சத்தம் போட்டது. ஒருத்தர் இருமினார். மூத்தாரின் முகத்தை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கண்ணும் மூக்கும் அப்படியே அவருக்கு இருந்தது. அத்தனை வருஷமும் அது எனக்குத் தெரியாது.

"என்ற பேர்ல இருக்கற தலைமடை வயலுக்குப் பகல் முறை இருக்குதுங்க. இந்தத் தண்ணிக்கு அதைக் கடைமடைக்கு, அந்தப் பொண்ணு வயலுக்கு விட்டுக் குடுக்கறேன். அவ ராத்திரி முறையை எங்களுக்கு வெச்சுக்குங்க. இது உங்களுக்குத்தானுங்க சொல்றேன்."

மூத்தார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மேல் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். ஓவர்சீயர் பையனைப் பார்த்து, "எங்க ஊட்டுப் பேச்சை நாங்க ஊட்டுல பேசிக்குவோம், நீங்க மத்ததைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் பின்னால் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடைசியாகப் போனார்.

பிரசிடென்ட் இல்லாமல் கமிட்டி ஒன்றையும் முடிவு பண்ண முடியாது என்றான் ஓவர்சீயர். பிறகு அவனே, தன் முறையை ஒருத்தர் இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுப்பதற்குக் கமிட்டி எதுக்கு சேச்சி என்றான். அந்தத் தண்ணீர் பகலில் கடைமடைக்குப் போயிற்று. வழியில் இருந்த மடைகளையெல்லாம் கனால் ஆட்கள் அடைத்து நிறுத்தினார்கள். அவள் இடுப்பில் பிள்ளையோடு வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சேதி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"உக்காந்துட்டயாமா?"

"ஆமாங்க."

"ராத்திரி முறை நமக்கா?"

"ஆமாங்க."

"லாந்தருக்குத் திரி மாத்தோணும்" என்றார்.

அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர் அன்றைக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைமடைக்காரியின் ராத்திரியைத் தன் ராத்திரியாக எடுத்துக்கொண்டு போனார். அவர் வருகிறவரை நான் படுத்த நினைவில்லை. ஒருத்தி வீட்டுப் பயத்தை எடுத்து என் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது என்று அன்றைக்குத் தோன்றியது. கமிட்டியில் ஒன்றும் மாறவில்லை. ராத்திரி முறை ராத்திரி முறையாகவேதான் இருந்தது.

அவளுக்குப் பாதிக்கு மேலேயே தேறியது. அண்ணன்மார் வந்து பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை எடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

மூத்தார் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு எப்போதும் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவார். அந்த வருஷம் பலகாரம் கொடுத்தனுப்பினேன், மூடின துணி அவிழ்க்காமலே திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

மெம்பர் காலம் இன்னும் மீதி இருந்தது. நான் விடாமல் போனேன். போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது பேச்சுத்தான் அங்கே இல்லாமல் போயிற்று. கூட்டத்துக்கு முன்னாலேயே எல்லாரும் ரோட்டோரத்து டீக்கடையில் கூடுவார்கள். யாருக்கு எப்போது என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். உள்ளே வந்ததும், "எல்லாம் பேசியாச்சுங்க அம்மிணி, நீங்க எதுக்கு அலையோணும்" என்பார்கள். ஒருதரம் நானும் டீக்கடைக்கே போய் நின்றேன். பெஞ்சிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், நான் இருந்த நேரம் முழுக்க மழையைப் பற்றியே பேசினார்கள். மூத்தார் அன்றைக்கு டீ குடிக்காமலே போய்விட்டார். என்னால் அவர் டீ குடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து எனக்கு வருத்தமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் காலம் முடிந்ததும் மூத்தாரின் மருமகளை வனிதா மெம்பர் ஆக்கினார்கள். நிலத்தில் ஒரு துண்டை அவள் பேருக்கு மாற்றினார்கள். நல்ல பெண், பத்தாவது வரை படித்தவள். வழியில் பார்த்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சின்னத்தை, அங்க எங்க நிக்கறதுங்க?"

"நிக்கறதுக்குப் பானைக்கிட்ட எடம் இருக்குது. உக்கார்றதுக்கு ஜன்னலோரம் நாற்காலி இருக்குது."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ரெண்டு எடத்துலயும் இருந்தேன் கண்ணு. நீ உனக்கு எப்படித் தோணுதோ அப்படி இரு."

அவளுக்குப் பிரசிடென்ட் மாமனார். என்னைவிட அவளுக்குக் கஷ்டம் அதிகம். அவள் நின்றாள் என்றுதான் கேள்விப்பட்டேன்.

கடைமடைக்காரிக்கு நாங்கள் அடுத்த வெள்ளாமைக்கும் முறையை விட்டுக்கொடுத்தோம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தண்ணீருக்கும் லாந்தரோடு போனார். ஒருநாள் அவள் வந்தாள்.

"மாமனை இனி ராத்திரியில அனுப்பாதீங்கக்கா."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னால சொல்றேன். அந்த லாந்தர் வெளிச்சம் எங்கூட்டு வாசல்ல இருந்து பாத்தாத் தெரியுது. எனக்கு அதைப் பாக்க முடியல."

"பின்ன வயலை என்ன பண்ணுவே?"

"எள்ளு வெதைக்கறேன். மழைக்கு வர்றது வரட்டும்."

நெல் விளைகிற வயலில் எள்ளா என்று நான் கேட்கவில்லை. அவள் பொள்ளாச்சிக்குப் போகவில்லை, வயலை விற்கவில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. அவளைப் பார்த்து, கடைமடையில் புருஷன் இல்லாத இன்னும் சில வீட்டுக்காரிகளும் நெல்லை விட்டுவிட்டு எள்ளும் கடலையும் போட்டார்கள். பூத்து நின்றபோது ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். கடைமடையில் அந்த வயல்களில் நெல் இல்லை, எள்ளுக்கும் கடலைக்கும் கனால் தண்ணீர் தேவையில்லை, அதனால் அவர்களுக்கு இனிமேல் முறை கிடையாது, பகலும் இல்லை ராத்திரியும் இல்லை என்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் வீடு தேடி வந்து என்னிடம் சொன்னார். துண்டு அப்போதும் கக்கத்தில்தான் இருந்தது.

வனிதா மெம்பர் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அவங்களுக்கும் சம்மதமுங்க அம்மிணி. நான்தான் எடுத்துச் சொன்னேன்."

அந்தச் சேதியைக் கடைமடைக்கு நான்தான் கொண்டுபோனேன். வேறு யார் வாயாலும் அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். அவள் எள்ளுக்கட்டை உதறிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு பலகையை எடுத்து வந்து போட்டு, உட்காருங்கக்கா என்றாள். உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே மறுபடியும் உதற ஆரம்பித்தாள்.